முதுகைப் பார்த்த நாள்

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள் தமிழ்நாட்டு வீடுகளிலிருந்து போய்விட்டது. இன்ன ஆண்டு, இன்ன மாதம் என்று சொல்ல முடியாத சாவு அது. வாரம் இரண்டு முறை என்றிருந்தது ஒன்றானது. பிறகு மாதம் ஒன்று. பிறகு நல்ல நாள் பெரிய நாளுக்கு மட்டும். இப்போது தீபாவளி விடியலில், வீட்டில் மூத்தவர் யாராவது உச்சந்தலையில் மூன்று சொட்டு வைக்கிறார். அதையும் உடனே ஷாம்பு போட்டு அலசிவிட்டு வெளியே வருகிறோம். அந்த மூன்று சொட்டைக் காட்டி எண்ணெய் முழுக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று வாதிடுபவர்கள் உண்டு. என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

எண்ணெய்க்கு ஒரு குறையும் இல்லை. மரச்செக்கு என்று பலகை மாட்டிய கடைகள் ஊருக்கு ஊர் புதிதாக வந்திருக்கின்றன. சீயக்காய்த் தூள் மளிகைக் கடையில் தொங்குகிறது. இல்லாமல் போனது அந்த அரை நாள். காலை ஏழு மணிக்கு அடுப்பு மூட்டுவதில் தொடங்கி மத்தியானச் சாப்பாடு வரைக்கும், ஒரு நோயும் இல்லாத உடம்புகளுக்காக ஒரு வீடு மற்ற வேலைகளைத் தள்ளிவைத்த அரை நாள்.

முறை ஊருக்கு ஊர் மாறும், வீட்டுக்கு வீடும் மாறும். பொதுவாக ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். அமாவாசையில் கூடாது, திவச நாளில் கூடாது, பிறந்த நாளில் கூடாது. காய்ச்சலோ சளியோ இருந்தால் கூடாது. சாப்பிட்ட வயிற்றோடு கூடாது. பொழுது சாய்ந்தபிறகு கூடவே கூடாது. இவற்றில் சில நம்பிக்கை, சில அனுபவம். எது எதுவென்று பிரித்துப் பார்க்க அன்று யாருக்கும் தோன்றவில்லை.

இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, நாலு மிளகும் ஒரு சிட்டிகை சீரகமும் போட்டு, மிளகு வெடிக்கும்வரை காய்ச்சி இறக்குவார்கள். சில வீடுகளில் வெற்றிலையைக் கிள்ளிப் போடுவதுண்டு. நீர் கோத்துக்கொள்ளும் தலைக்குச் சுக்குத் தைலம், பொடுகுக்குப் பொடுதலைத் தைலம், முடிக்குக் கரிசலாங்கண்ணித் தைலம், சிறு பிள்ளைகளுக்கு அரக்குத் தைலம் என்று தலைக்கொரு குப்பி வைத்திருந்த வீடுகளும் இருந்தன. நாட்டு மருந்துக் கடைக்காரர் அந்த வீட்டுப் பிள்ளையைக் கண்டதுமே எந்தக் குப்பி என்று கேட்காமல் எடுத்துக் கொடுப்பார்.

கொல்லையில் மூன்று கல் வைத்த அடுப்பு. அதன்மேல் வெந்நீர்த் தவலை. தென்னை மட்டை, பாளை, பன்னாடை, நனைந்து காய்ந்த சுள்ளி என்று சமையலடுப்புக்கு ஆகாததெல்லாம் அதற்கு ஆகும். தவலையின் அடிக்கரி எவ்வளவு புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. கல்யாணச் சீரில் அந்தத் தவலையும் அண்டாவும் கட்டாயம் இருந்தன. புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறவர்களுக்குச் சோறு பொங்கும் பானையோடு குளிக்க வெந்நீர் போடும் பாத்திரத்தையும் கொடுத்தனுப்பிய சமூகம் இது.

சீயக்காய் கோடையிலேயே தயாராகிவிடும். சீயக்காயோடு வெந்தயம், பச்சைப் பயறு, பூலாங்கிழங்கு, காய்ந்த எலுமிச்சைத் தோல், ஆவாரம்பூ, செம்பருத்தி இலை எல்லாம் மொட்டைமாடியில் மொறுமொறுவென்று காயவேண்டும். மாவு அரைக்கிற எந்திரத்தில் இதை அரைக்கமாட்டார்கள். மில்லின் மூலையில் இதற்கென்று ஓர் எந்திரம் இருக்கும். அது ஓடத் தொடங்கியதும் கோதுமையோடு நிற்பவர், மிளகாயோடு நிற்பவர் எல்லோருக்கும் தும்மல். சில ஊர்களில் சீயக்காய்க்குப் பதில் அரப்பு. உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்த பச்சைத் தூள் அது, தண்ணீர் பட்டதும் வழுவழுவென்று குழையும். இரண்டிலும் எண்ணெயை எடுப்பது சப்போனின் என்ற பொருள். சோப்பைப் போல நுரை பொங்காது. சோறு வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்ப்பார்கள். கண்ணில் பட்டால் எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்து ஓடாத பிள்ளை எந்த வீட்டிலும் இல்லை.

இனி மனையில் உட்காரவேண்டும். தலையில்தான் ஆரம்பம். உச்சியில் ஒரு கை எண்ணெய் வைத்து உள்ளங்கையால் தட்டித் தட்டி இறக்குவார்கள். பிறகு காதுக்குப் பின்னால், பிடரி, கழுத்து, தோள், முதுகு, இடுப்பு. முழங்கையின் கறுப்பு, முழங்காலின் சொரசொரப்பு. கால் விரல்களுக்கு ஒவ்வொன்றாகச் சொடக்கு. விரல் இடுக்கு, கடைசியில் உள்ளங்கால். தேய்த்து முடித்ததும் இளவெயிலில் அரை மணியாவது ஊறவேண்டும். பிள்ளைகள் கோவணத்தோடு முற்றத்தில் ஓடுவதும், வழுக்கி விழாதே என்று யாராவது கத்துவதும் அந்த அரை மணியில்தான். பிறகு பொறுக்கும் சூட்டில் வெந்நீர். தலை துவட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, உலர்ந்த துணி உடுத்தியதும் பசி எடுக்கும். அது சாதாரணப் பசி இல்லை. மிளகு ரசம், பருப்புத் துவையல், சுட்ட அப்பளம், சுண்டைக்காய் வத்தல். அன்று தயிர் கிடையாது, பழையது கிடையாது, குளிர்ந்தது எதுவும் கிடையாது. சாப்பிட்டதும் கண் சொருகும். தூங்கவிடமாட்டார்கள். பகலில் தூங்கினால் தலைபாரம் வரும் என்று கதை சொல்லியும் தாயக்கட்டை உருட்டியும் விழித்திருக்க வைப்பார்கள். அந்தத் தூக்கமெல்லாம் சேர்ந்து இரவில் வரும்.

வெயிலில் அலையக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தூரப் பயணம் கூடாது. "இன்னைக்கு எண்ணெய் தேச்சுக் குளிச்சிருக்கான், வெளியில அனுப்பாதீங்க" என்று பாட்டி சொல்லிவிட்டால், அந்த வீட்டில் அதற்கு மேல்முறையீடு கிடையாது. நோய் வந்தவனுக்குக் கிடைக்கும் ஓய்வை, நோய் வராதவனுக்கும் வாரம் ஒருமுறை கொடுத்த ஏற்பாடு அது. இன்று எந்த அலுவலகத்திலாவது போய் இதைச் சொல்லி அரை நாள் விடுப்புக் கேட்க முடியுமா?

இந்தப் பழக்கத்துக்கு எழுத்திலும் இடமுண்டு. சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதியில், நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்து, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மூக்கில் விடும் நசியம் என்று காலக்கணக்கோடு சொல்லியிருக்கிறது. எல்லாமே நோய் அண்டாமலிருக்கச் செய்யச் சொன்னவை. இவற்றில் பேதி மருந்துக்கும் வாந்தி மருந்துக்கும் நான் இரங்கல் எழுதமாட்டேன். விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு பிள்ளையின் மூக்கைப் பிடித்த அந்தக் காலைகள் தொலைந்தது நல்லதுதான். குடலைக் கழுவுகிறோம் என்று உடம்பின் நீரையும் உப்பையும் இழுத்து வெளியே விடுவது சிறு பிள்ளைகளுக்கு ஆபத்து, அதனால் வரும் நோய்த்தடுப்பு ஒன்றுமில்லை. பழையது என்பதற்காக எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

எண்ணெய் முழுக்கைப் பற்றியும் நிறையச் சொன்னார்கள். உடற்சூடு தணியும், பித்தம் இறங்கும், கண் தெளியும், மூட்டு வலுக்கும் என்றார்கள். இவற்றில் பலவற்றுக்கு மருத்துவச் சான்று இல்லை. உச்சியில் வைத்த எண்ணெய் மண்டைக்குள் இறங்கி எதையும் குளிர்விப்பதில்லை. பொடுகுக்கு எண்ணெய் மருந்து என்பதும் பலருக்குப் பொருந்தாது. பொடுகோடு தொடர்புள்ள மலாசீசியா என்ற பூஞ்சை எண்ணெய்ப் பசையைத் தின்றுதான் வளர்கிறது, அரிப்பும் செதிலும் உள்ள தலையில் எண்ணெயைக் கொட்டினால் கூடும். தோல் மருத்துவர்கள் இதைச் சொல்லும்போது பாட்டியை அவமதிப்பதாக நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கறாராகச் சொல்லவேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பச்சைக் குழந்தையைக் கிடத்தி, அதன் கையையும் காலையும் குறுக்கே மடக்கி நீட்டி எண்ணெய் தேய்த்த பாட்டியின் கை ஒரு பெரிய கலை. ஆனால் அதே கை குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டது, தொண்டையில் விரல் விட்டுக் கோழை எடுத்தது, மூக்கில் வாய் வைத்து ஊதியது. மூக்கில் விட்ட எண்ணெய் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குப் போனால் அங்கேயே தங்கி நிமோனியாவை உண்டாக்கும். எத்தனையோ குழந்தைகள் ஏன் என்றே தெரியாமல் இப்படி மூச்சுத் திணறியிருக்கின்றன. சாம்பிராணிப் புகையும் அந்தப் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. குழந்தை மருத்துவர்கள் இவற்றை நிறுத்தச் சொன்னது சரி. உடம்புக்கு மட்டும் மெல்ல எண்ணெய் தடவிக் குளிப்பாட்டுவதை அவர்களில் பலரும் தடுப்பதில்லை. குறைமாதக் குழந்தைகளின் மெல்லிய தோலுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியபோது மருத்துவமனையில் தொற்றும் கிருமி நோய்கள் குறைந்தன என்று டாக்காவில் நடந்த ஆய்வொன்று 2005 இல் லான்செட் இதழில் வந்தது. தோல்தான் உடம்பின் முதல் மதில், அது வறண்டு வெடிக்காமல் இருப்பதே ஒரு காப்பு. பாட்டிகள் கண்ட உண்மை அந்த அளவுக்கு உண்மை.

எண்ணெயின் குணத்தைப் பற்றி நாம் எவ்வளவோ பேசிவிட்டோம். தேய்த்த கையைப் பற்றியும் உடனிருந்த கண்ணைப் பற்றியும் யாரும் பேசவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வாரத்தில் ஒருநாள், ஒருவருடைய உடம்பை உச்சி முதல் உள்ளங்கால் வரை இன்னொருவர் பகல் வெளிச்சத்தில் பார்த்தார், தொட்டார். அப்படித் தொடும் கைக்கு எதுவும் தப்பாது. தலையில் பேனும் ஈரும், காதுக்குப் பின்னால் சிரங்கு, அக்குளில் கட்டி, தொடையில் படை, காலில் முள் தைத்து உள்ளேயே சீழ் கோத்த இடம். போன வாரம் இல்லாத மச்சம். தோள் ஒன்று இறங்கி முதுகெலும்பு ஒருபக்கம் வளையத் தொடங்கியிருப்பது. பள்ளிக்கூடத்தில் வாங்கி மறைத்த அடியின் தழும்பு. "இது எப்ப வந்துது?" என்று கேட்டுக்கொண்டே விரல் அந்த இடத்தில் நிற்கும். கழுத்தில் வரிசையாகச் சிறு சிறு கட்டிகள் தட்டுப்பட்டால் கண்டமாலையோ என்று சந்தேகப்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள். பல சமயம் அது நிணநீர்க் கணுக்களில் வந்த காசநோயாக இருக்கும். விலா எலும்பு எண்ணும்படி தெரிந்தால் பிள்ளை மெலிகிறான் என்று அன்றே தெரியும். எடை பார்க்கும் கருவி இல்லாத வீட்டில் கைதான் எடை பார்த்தது.

நோயைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று யாரும் உட்காரவில்லை. எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தார்கள், கண் தானாகப் பார்த்தது. மருத்துவர்கள் இன்று முழு உடம்புப் பரிசோதனை என்று சொல்வதன் பாதியை, படிப்பறியாத ஒரு கிழவி வாரந்தோறும் முற்றத்தில் செய்து முடித்தாள். அவளுக்குப் போன வாரத்து உடம்பு ஞாபகத்தில் இருந்தது. எந்த மருத்துவரிடமும் அந்தக் குறிப்பேடு கிடையாது.

தொழுநோயை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு ஒருகாலத்தில் அந்த நோய் மிகுந்திருந்த மாநிலங்களில் ஒன்று. செங்கல்பட்டில் அதற்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சுகாதாரப் பணியாளர்கள் பள்ளிக்கூடங்களுக்கு வந்து பிள்ளைகளின் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்துப் போனது அந்த நாளைய மாணவர் பலருக்கு நினைவிருக்கும். ஏன் முதுகு? அந்த நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் வெளிறிய ஒரு தேமல். வலிக்காது, அரிக்காது. அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைந்திருக்கும், வியர்வை இருக்காது. முதுகிலோ புட்டத்திலோ இருந்தால் நோயாளிக்கே தெரியாது. தெரியவரும்போது நரம்பு கெட்டு விரல் மடங்கியிருக்கும். 1983 இல் தேசியத் திட்டத்தில் கூட்டு மருந்து சிகிச்சை வந்தபிறகு நோய் வேகமாகக் குறைந்தது. 2005 இறுதியில் நாடு முழுவதுமாகப் பார்த்தால் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆனால் நோய் ஒழிந்துவிடவில்லை. இன்றும் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள், உலகத்துப் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேல் இங்கேதான். எண்ணெய் தேய்த்துவிட்ட தாய்க்கு அந்தத் தேமல் தப்பியிருக்காது. மற்ற இடமெல்லாம் வெயிலில் ஊறி வியர்க்க, ஓரிடம் மட்டும் காய்ந்து நின்றால் அவள் கேட்காமல் விடமாட்டாள்.

எண்ணெய் முழுக்கின் சாவுக்குக் காரணம் பல. குற்றவாளி என்று ஒருவரைச் சுட்ட முடியாது. சுட்ட நான் விரும்பவும் இல்லை.

கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன், ஷாம்பு முதலிய பொருள்களைச் சின்னஞ்சிறு பொட்டலங்களில் அடைத்து ஏழைக்கும் எட்டவேண்டும் என்று நினைத்தவர். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983 இல் பதினைந்தாயிரம் ரூபாயோடு தனியே தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு, கிராமத்துப் பெட்டிக்கடை வரை சரம் சரமாகத் தொங்கியது. எந்தக் கம்பெனியின் காலிப் பொட்டலமானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள். பிள்ளைகள் குப்பைமேட்டில் தேடிப் பொறுக்கினார்கள். அரைநாள் வேலை ஐந்து நிமிடமானது. பின்னாளில் அதே நிறுவனம் மீரா சீயக்காய்த் தூளையும் விற்றது. இதை ஒரு சதி என்று பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வயல்வேலைக்கு விடியலில் போகிற பெண்ணுக்கு, ஒரு ரூபாயில் மணக்க மணக்கத் தலைகுளிக்க முடிந்தது. அவளுக்கு அதற்குமுன் எண்ணெய்க் குளியல் இருந்ததா என்பதே கேள்வி.

இருக்கவில்லை என்பதுதான் பல வீடுகளின் கதை. நல்லெண்ணெய் என்றைக்கும் விலை உயர்ந்தது. கூலி வேலை செய்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒருநாள், தீபாவளிக்கு, பண்ணையார் வீட்டில் ஊற்றிக்கொடுத்த ஆழாக்கு எண்ணெய்தான் முழுக்கு. வசதியான வீடுகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட நாவிதர் வருவார், அவர் மனைவி பெண்களுக்குத் தேய்த்துவிட்டுப் பிரசவமும் பார்ப்பார். அவர்கள் கை மருத்துவம் அறிந்த கை. ஆனால் அந்தக் கைக்குக் கொல்லைப்புற வாசலைத்தான் காட்டினார்கள். அவர்கள் பிள்ளைகள் அந்த வேலையை விட்டு வெளியேறியதும் எண்ணெய் முழுக்கின் சாவுக்கு ஒரு காரணம். அதற்காக யாரும் வருந்தக் கூடாது.

அந்த அரை நாள் யாருடைய அரை நாள் என்பதையும் கேட்டாகவேண்டும். சுள்ளி பொறுக்கியதும், தவலை நிரப்பியதும், எண்ணெய் காய்ச்சியதும், நாலு பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்துத் தேய்த்ததும், பிசுக்குப் பிடித்த துண்டுகளைத் துவைத்ததும், வழுக்கும் தரையைச் சாம்பல் போட்டுக் கழுவியதும், அதற்குள் ரசம் கூட்டித் துவையல் அரைத்ததும் ஒருத்தி. அவள் முறை வெள்ளிக்கிழமை வரும். ஆறிப்போன வெந்நீரில் அவசரமாகத் தன் தலைக்குத் தானே தேய்த்துக்கொண்டு முடித்துவிடுவாள். எங்கள் வீட்டில் அம்மாவின் முதுகை யாரும் தேய்த்துவிட்டதாக எனக்கு நினைவில்லை. ஆற்றங்கரையிலும் கிணற்றடியிலும் பெண்கள் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. குழாய் வீட்டுக்குள் வந்ததும் அதுவும் போயிற்று. குழாய் வந்தது தப்பா என்றால், தப்பில்லை. குடம் சுமந்தவளிடம் கேட்டால் தெரியும். எல்லோருடைய உடம்பையும் பார்த்த அவளுடைய மார்பில் கட்டி ஒன்று வளர்ந்ததை யாரும் பார்க்காத வீடுகள் எத்தனையோ. இந்த இழப்புக்கு நான் அழுகிறேன் என்றால், அவளை மறுபடி அந்த அடுப்படிக்கு அனுப்பச் சொல்லவில்லை.

மற்றதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. கொல்லை போய் அடுக்குமாடி வந்தது. குளியலறையின் வழவழப்பான டைல்ஸில் எண்ணெய் சிந்தினால் வயதானவர் இடுப்பெலும்பு முறியும். சனிக்கிழமை ஆண்களுக்கு அலுவலகம், பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பு. 2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களிடம் வாரம் இருமுறை தலைமுழுகச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

இப்போது ஒருவரின் உடம்பை யார் பார்க்கிறார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஐந்து வயதுக்குமேல் பிள்ளை தானே குளிக்கிறது. அது வேண்டியதுதான், பிள்ளைக்குத் தன் உடம்பு தன்னுடையது என்று தெரியவேண்டும். கண்ணாடி முன்பக்கத்தைக் காட்டும். மருத்துவர் வலிக்கிறது என்று சொன்ன இடத்தை மட்டும், பெரும்பாலும் சட்டையோடு, பார்க்கிறார். வயதானவர்களை யாருமே தொடுவதில்லை. மாத்திரை எடுத்துக் கொடுக்கிறோம், சர்க்கரை எத்தனை என்று கேட்கிறோம், வீடியோ அழைப்பில் முகத்தைப் பார்க்கிறோம். காலைப் பார்ப்பதில்லை.

கால் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்னை நீரிழிவு ஆய்வாளர்களின் தலைமையில் நடந்து 2023 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, நாட்டில் பத்து கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. சர்க்கரை நாள்பட்டால் பாதத்தின் நரம்பு மரத்துப்போகும். செருப்பில் சிறு கல் இருந்தாலும் தெரியாது. விரல் இடுக்கில் ஈரம் தங்கிப் புண்ணாகும், குதிகால் வெடிப்பில் கிருமி இறங்கும், நாற்றம் வரும்போதுதான் வீட்டில் தெரியும். அப்படிக் காலை இழந்தவர்களை ஒவ்வொரு தெருவிலும் காணலாம். மருத்துவர்கள் இவர்களிடம் தினமும் பாதத்தைப் பாருங்கள் என்கிறார்கள். அறுபது வயதுக்காரர், கண்பார்வை மங்கியவர், குனிய முடியாதவர், தன் உள்ளங்காலைத் தானே எப்படிப் பார்ப்பார்? ஒருகாலத்தில் அந்த உள்ளங்காலை மகனோ மருமகளோ பேரனோ வாரம் ஒருமுறை மடியில் எடுத்துவைத்து, விரல் இடுக்கு ஒவ்வொன்றாகத் துடைத்தார்கள்.

இறந்துபோன எண்ணெய் முழுக்குக்கு வாரிசுகள் சில உண்டு. தீபாவளி விடியலின் மூன்று சொட்டு ஒன்று. அன்று வெறும் வயிற்றில் விழுங்கும் சுக்கு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய் சேர்த்துக் கிளறிய லேகியம் இன்னொன்று. ஈழத் தமிழர்கள் சித்திரைப் புத்தாண்டில் மூலிகை காய்ச்சிய மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகுகிறார்கள். கோயில்களில் அதைக் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். மதுரை மீனாட்சிக்கு மார்கழியில் எண்ணெய்க் காப்பு தவறுவதில்லை. அழகர்மலையில் ஐப்பசியில் பெருமாள் நூபுர கங்கைக்கு எழுந்தருளித் தைலக்காப்பு கண்டு திரும்புகிறார். குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்களை உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். முன்பின் தெரியாத முதுகு அது, அடுத்த வாரம் அது அவர்கள் கைக்கு வராது.

தவலையும் விறகும் இல்லாமல், அரை நாள் இல்லாமல், ஒருத்தியின் இடுப்பு ஒடியாமல் செய்யக்கூடியது ஒன்று மிச்சமிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கால் மணி நேரம். வெளிச்சம் உள்ள இடத்தில் அப்பாவையோ அம்மாவையோ நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்தை மடியில் வாங்கிப் பார்க்கலாம். விரல் இடுக்கில் எண்ணெய் வைக்கக் கூடாது, அங்கே உலர்ந்திருக்கவேண்டும். குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் தேங்காயெண்ணெய் தடவினால் வெடிப்பு ஆறும். சிவந்த இடம், கொப்புளம், நிறம் மாறிய நகம், ஆறாத கீறல் எதுவானாலும் அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும், வீட்டில் மஞ்சள் பற்றுப் போட்டு நாள் கடத்தக் கூடாது. கணவன் மனைவி ஒருவர் முதுகை ஒருவர் பார்க்கலாம். ஆண்களும் தேய்க்கலாம், தேய்க்கவேண்டும். வெளிறிய தேமல் தெரிந்தால் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் அந்த இடத்தையும் பக்கத்துத் தோலையும் தொட்டு, தொட்டது தெரிகிறதா என்று கேட்கவேண்டும். தெரியவில்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம், ஆனாலும் பயப்பட ஒன்றுமில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். ஆறு மாதம் சாப்பிடவேண்டியிருக்கும், நோய் பரவியிருந்தால் ஓராண்டு. நாள் தவறாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும்.